மஞ்சள் சீட்டில் ஐந்து கட்டங்கள்

ஜிப் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் பதினொரு பெண்கள். அவர்களை மேற்பார்வை பார்ப்பவளை வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். முதலாளிகூடக் கோபம் வராத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்று அவர் கோபமாகத்தான் இருந்தார்.

"மெஷின் வந்து இருபது நாளாச்சு. சீனாவுலேர்ந்து ஃபிட்டர் வந்து பதினஞ்சு நாளாச்சு. மொழி சொல்ல வந்தவன் காய்ச்சல்னு மூணாம் நாளே ஊருக்குப் போயிட்டான். இப்ப அவரு ஒரு பக்கம் நிக்கிறாரு, நீங்க ஒரு பக்கம் நிக்கிறீங்க. அடுத்த வாரம் சனிக்கிழமை நான் வந்து பார்ப்பேன். நம்ம ஆளுங்களே இந்த மெஷினை ஓட்டிக் காட்டணும். இல்லேன்னா ஓட்டத் தெரிஞ்ச வெளி ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் பேக்கிங்ல இத்தனை பேர் எதுக்கு?"

பதினொரு பெண்களும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். ஜிப்பில் இழுக்கும் தலையான ரன்னரைக் கோத்து, அளவு பார்த்து வெட்டும் வேலையைத்தான் அவர்கள் இத்தனை வருடமும் கையால் செய்தார்கள். அதையெல்லாம் அந்தப் புது மெஷின் ஒன்றே செய்துவிடும். மெஷினை ஓட்டுகிறவர்களாக மாறினால் வேலை உண்டு. மாறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நான் சீனம் கத்துக்கிறேன் சார்" என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே திக்கென்றது.

போனை வைத்துச் சமாளிக்கலாமே என்றால், மெஷின் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். முதலாளி ஒருமுறை ஃபிட்டரை வாசலுக்கே அழைத்துப்போய்த் தன் போனை நீட்டிப் பேசிப் பார்த்தார். அது என்னத்தை மொழிபெயர்த்ததோ, மனிதர் அன்று முழுவதும் முதலாளி பக்கமே திரும்பவில்லை.

பழைய புத்தகக் கடை ஒன்றில், தொடக்கநிலை மாணவர்களுக்கான ஒல்லியான சீனப் பாடநூல் அக்காவுக்குக் கிடைத்தது. ஆறாம் பாடம் வரை தட்டுத்தடுமாறி வந்தாள். அங்கே ஒரு பக்கம் முழுக்க ஐந்து கட்டங்கள். யார், எப்போது, எங்கே, என்ன செய்கிறார், எதை. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் ஏழெட்டுச் சொற்கள். கட்டத்துக்கு ஒரு சொல்லாக எடுத்து வரிசையாக வைத்தால் வாக்கியம் வந்துவிடும் என்று புத்தகம் சத்தியம் செய்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் டிரைவர். எதையும் நேராகப் பேசாதவன்.

"கேளுங்க. 'நான் நாளைக்கு வீட்டுல டீ குடிக்கிறேன்'னு நாம சொல்றோம்ல? அவங்களும் நான், நாளைக்கு, வீட்டுலன்னு நம்ம கூடவே வர்றாங்க. கடைசியில வந்து 'குடி டீ'ன்னு மாத்திடறாங்க."

"அதாவது நம்ம பஸ்லயே ஏறி, மூணு ஸ்டாப் நம்ம கூடவே வந்து, கடைசி ஸ்டாப்புல முன்வழியா இறங்க வேண்டியவன் பின்வழியா இறங்கறான்."

"நான் குடிக்கிறேன், நீ குடிக்கிறே, அவங்க குடிக்கிறாங்க, எல்லாத்துக்கும் ஒரே 'குடி'தான். நேத்துக்கும் அதே, நாளைக்கும் அதே. அப்ப மரியாதையை எங்க வைப்பாங்க?"

"வச்சிருப்பாங்க. நீ தேடு."

"இதுல அவங்க பாஷையிலயும் 'நீ'ன்னா நீதானாம். அவருக்கு என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். வாய் வருமா எனக்கு?"

"கோபம் வந்தா என்கிட்ட மட்டும் நல்லா வருது" என்றான் அவன், தட்டைக் கழுவ எழுந்தபடி.

மதியம் சாப்பிட்டானதும் அக்கா எழுதிப் பழகுவாள். எழுத்துகளைப் படம் வரைவதுபோல் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதற்குத் தாள் வேண்டுமே. கைக்கு அகப்பட்டவை பேக்கிங் பிரிவின் மஞ்சள் சீட்டுகள்தாம்.

மஞ்சள் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் யாருக்கு எந்த ரிப்பேர் வேலை ஆக வேண்டுமானாலும் வாயால் சொல்லக் கூடாது. பிரிவின் முத்திரை குத்திய மஞ்சள் சீட்டில் எழுதி, மெஷினுக்குப் பின்புறம் இருக்கும் ஆணியில் குத்திவிட வேண்டும். ஃபிட்டர் காலையில் வந்ததும் சீட்டை எடுப்பார், வேலையை முடிப்பார், கையெழுத்துப் போட்டுத் தன்னிடம் வைத்துக்கொள்வார், சனிக்கிழமை திருப்பித் தருவார். காய்ச்சலில் ஊருக்குப் போன மொழிபெயர்ப்பாளன் போவதற்கு முன் ஃபிட்டருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே விதி இதுதான்.

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாளுக்கொரு வாக்கியம் கட்டங்களிலிருந்து பொறுக்கிச் சீட்டில் எழுதுவாள். மணி அடித்ததும் அதை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடுவாள். பெருக்க வரும் துப்புரவு அம்மா குப்பையோடு அள்ளிப் போட்டுவிடுவாள் என்பது அவள் எண்ணம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. அன்று எழுதிய முதல் சீட்டு: நான் நாளை தொழிற்சாலையில் குடி டீ.

மறுநாள் காலை அவள் உள்ளே வந்தபோது ஃபிட்டர் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்க், இரண்டு தம்ளர். ஒன்றில் டீயை ஊற்றி அவள் முன்னால் வைத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அவள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

"என்னக்கா, உபசாரம் பலமா இருக்கு" என்றாள் பெண்களில் வாயாடி என்று பெயரெடுத்தவள்.

"எனக்கு என்னடி தெரியும். அவங்க ஊர்ல திங்கட்கிழமைன்னா அப்படியோ என்னவோ."

அடுத்த பாடம், இல்லை என்று சொல்வது. செயலுக்கு முன்னால் ஒரு 'பு' போட்டால் போதுமாம். அக்கா அதையும் எழுதிப் பழகினாள்: வேலையாட்கள் இன்று தொழிற்சாலையில் பு குடி தண்ணீர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மெஷினில் ரன்னர் தட்டைச் சுத்தம் செய்வது எப்படி என்று காட்டுவதாக அவர் முதல் நாளே சைகை செய்திருந்தார். அக்கா இரண்டு பெண்களோடு காத்திருந்தாள். ஆளைக் காணோம். தேடிப் போனால், கூடத்தின் கோடியில் மூன்று மாதமாகக் கெட்டுக் கிடந்த குடிநீர் எந்திரத்தின் வயிற்றைத் திறந்துபோட்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பாதி நாள் அதிலேயே போயிற்று. மாலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஜில்லென்று கொட்டியது. பெண்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். அவர் ஒவ்வொருத்தி குடிப்பதையும் எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் வந்தது நல்லதுதான். ஆனால் மெஷின் பாடத்தில் அரை நாள் போய்விட்டதே. இன்னும் மீதி இருப்பது நான்கே நாள். மெஷினைக் கற்றுக்கொடுக்க வந்தவர் குழாய் ரிப்பேரில் இறங்கிவிட்டதன் காரணம் அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புதன்கிழமைதான் உச்சம். காலையில் ஃபிட்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் ஏதோ துக்கம். ஒரு காகிதப் பையை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே ஆறு ஆப்பிள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து ஏதோ சொன்னார். அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வேண்டாம் என்றால் மனம் நோவாரோ என்று வாங்கிக்கொண்டு திருதிருவென விழித்தாள்.

அன்று மாலை ஆப்பிளைக் கடித்துக்கொண்டே கணவன் கேட்டான்: "திங்கள் டீ, செவ்வாய் தண்ணி, புதன் பழம். வியாழன் சாப்பாடே போட்டுடுவாரோ?"

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. மெஷினைப் பத்திக் கேட்டா வேற என்னவோ செய்யறாரு. எந்த வார்த்தையை எங்க தப்பா வச்சேன்னு தெரியல. நான் வாயையே திறக்கலியே இன்னும்."

படுப்பதற்கு முன் வழக்கம்போல் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பதினொரு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் கொஞ்சம் யோசித்துவிட்டு ஃபிட்டரையும் சேர்த்துக்கொண்டாள். 'கடவுளே, அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்குப் புரியல. உனக்குப் புரியும். பாத்துக்கோ.'

அவளுக்கு ஒரே ஆறுதல், அன்று மதியம் எழுதிய வாக்கியம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. பிழையே இல்லாத முதல் வாக்கியம். அந்தச் சந்தோஷத்தில் சீட்டை மேசைமேல் நன்றாக விரித்துவைத்துவிட்டு வந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை மெஷின் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கருவிப் பெட்டி பூட்டியிருந்தது. ஃபிட்டரைக் காணோம்.

"விடியக்காலம் வந்தாரு" என்றான் வாட்ச்மேன். "ஒரு மணி நேரம் மெஷினைத் துடைச்சாரு. அப்புறம் என்கிட்ட வந்து குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டாரு. பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்னு கையால கேட்டாரு. பதினோரு மணி பஸ்னு நான்தான் விரலைக் காட்டினேன்."

மெஷின்மேல் சாவி இருந்தது. சாவிக்கு அடியில் ஒரு மஞ்சள் சீட்டு. கீழே ஃபிட்டரின் கையெழுத்து. மேலே இருந்தது அக்காவின் எழுத்து. பிழையே இல்லாத அந்த வாக்கியம்.

நீ நாளை திரும்பு வீடு.

அக்கா அதைச் சட்டென்று எடுத்தாள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போனாள். காலியான ஆணியைப் பார்த்தாள். துடைப்பத்தைப் பிடித்தபடி பின்னாலேயே துப்புரவு அம்மா வந்து நின்றாள்.

"அது உங்க மேசையில கெடந்துச்சுக்கா. நான்தான் மாட்டினேன்."

"இது மட்டுமா?"

"நாலு நாளா தினமும் ஒண்ணு கெடந்துச்சு. போன வருஷம் ஒரு மஞ்சச் சீட்டு குப்பையில கெடந்துச்சுன்னு என்னை ஒரு வாரம் நிறுத்திட்டாங்கல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது. மஞ்சளா இருந்தா ஆணியில மாட்டிடுவேன். பாவம், வேலை அவசரத்துல மறந்துட்டீங்கபோலன்னு நெனச்சேன்."

டீ. தண்ணீர். ஆப்பிள். அக்கா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் அவள் எழுதிய சீட்டு: என் கணவர் இன்று ஆஸ்பத்திரியில் சாப்பிடு ஆப்பிள். கட்டத்துக்கு ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துப் பொறுக்கியது அது.

"என்ன நடக்குது இங்க?" முதலாளி வந்துவிட்டார். "ஃபிட்டர் ஊருக்குப் போறாருன்னு வாட்ச்மேன் சொல்றான். யாரு போகச் சொன்னது?"

துப்புரவு அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். என் எழுத்துதான். பதினோரு மணிக்குள்ள கூட்டிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு ஓடினாள். போன் வாட்ச்மேனின் பெட்டியிலேயே கிடந்தது. அது நினைவுக்கு வந்தபோது பாதி வழி வந்துவிட்டாள். அவளிடம் இருந்தது ஏப்ரன் பையில் கிடந்த ஒல்லிப் புத்தகமும், பழகுவதற்காக அவளே எழுதி ரப்பர் வளையம் போட்டுவைத்த ஒரு கட்டுச் சொல் அட்டைகளும்தான்.

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஃபிட்டரின் அறை. கதவு திறந்தே இருந்தது. கட்டிலின்மேல் ஒரு பெட்டி. அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மடிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கோபம் இல்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. மேசையிலிருந்து மூன்று மஞ்சள் சீட்டுகளை எடுத்து, ஓரம் சேர்த்து அடுக்கி, அவளிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். மூன்றிலும் கையெழுத்து. மூன்று வேலையும் முடிந்தது என்பதற்கு அடையாளம்.

அக்கா சீட்டுகளை வாங்கிக்கொண்டாள். அத்தனை நாள் கற்ற சீனம் எல்லாம் மாடிப்படியிலேயே கொட்டிப்போயிருந்தது. பயிற்சி என்பதற்குச் சீனத்தில் என்ன சொல்? ஏழு பாடத்தில் அது வரவில்லை. கடைசியில் புத்தகத்தை எடுத்து, ஐந்து கட்டப் பக்கத்தைப் பிரித்து, மடித்த சட்டைகளின்மேல் வைத்தாள். பென்சிலால் தான் போட்டிருந்த வட்டங்களைத் தொட்டுக் காட்டினாள். என் கணவர். இன்று. ஆஸ்பத்திரி. சாப்பிடு. ஆப்பிள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சீட்டைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். தொழிற்சாலை, குடி, டீ. எல்லாம் அங்கே வட்டத்துக்குள் இருந்தன. பக்கத்தின் அடியில் இரண்டு குழந்தைகள் பள்ளிக்கூடப் பலகையைப் பார்க்கும் படம்.

மனிதர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அக்கா பதறிப்போனாள். அழவில்லை. சத்தமே வராமல், கண்ணில் நீர் கட்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பின் நடுவே ஒரு விரலை உயர்த்தி, புத்தகத்தில் 'கணவர்' என்ற சொல்லைத் தொட்டார். 'ஆஸ்பத்திரி'யைத் தொட்டார். பிறகு கேள்வியாக அவள் முகத்தைப் பார்த்தார்.

அக்கா ஸ்டியரிங் பிடித்து வளைப்பதுபோல் இரண்டு கையையும் சுழற்றி, தொப்பையைத் தட்டிக் காட்டினாள். ஆள் பஸ் ஓட்டுகிறார், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

அவர் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். தன் வேலை போகாததைவிட அவள் கணவன் நலமாக இருப்பதுதான் அவருக்கு முதல் நிம்மதியாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவனுக்காகவா இந்த மனிதர் நேற்றிலிருந்து துக்கம் சுமந்தார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அவள் அட்டைகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். 'நீ' அட்டையை ஒதுக்கிவைத்தாள். மரியாதைக்கென்று சீனத்தில் இன்னொரு சொல் இருப்பதை நேற்றுத்தான் நான்காம் பாடத்தின் அடிக்குறிப்பில் கண்டுபிடித்திருந்தாள். 'நீன்'. நீங்கள். அந்த அட்டையை முதலில் வைத்தாள். நாளை. தொழிற்சாலை. அப்புறம் கை தடுமாறி 'வீடு' வந்தது, 'ஆப்பிள்' வந்தது. அவர் பொறுமையாக அந்த இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, 'வேலை செய்' அட்டையைத் தேடி வரிசையின் கடைசியில் வைத்தார்.

நீங்கள் நாளை தொழிற்சாலையில் வேலை செய்.

பிறகு 'நாளை'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இன்று' வைத்தார். பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

பதினோரு மணி பஸ் அவர் இல்லாமலே போயிற்று. வரும் வழியெல்லாம் அவர் அந்தப் பக்கத்தைப் பிரித்துவைத்துப் படித்துக்கொண்டே நடந்தார். இரண்டு முறை மின்கம்பத்தில் இடித்துக்கொள்ளப் பார்த்தார்.

அன்று மதியமும் வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் பாடம் நடத்தினார். ஒரு கட்டு மஞ்சள் சீட்டை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டம் போட்டார். மெஷினின் ஒவ்வொரு வேலையும் ஒரு வாக்கியம். நீ, நாடா தீர்ந்ததும், இடது பக்கத்தில், திருப்பு, சக்கரம். நீ, மணி அடிக்கும்போது, தட்டின் மேல், தள்ளு, தூசி. ஒவ்வொரு சீட்டையும் அந்தந்த இடத்தில் ஒட்டி, சொல்லைத் தொட்டுவிட்டு அந்த உறுப்பைத் தொட்டார். பெண்கள் அடியில் தமிழில் எழுதிக்கொண்டார்கள்.

"மூணு வாரமா ஒண்ணும் ஏறல. இப்ப எப்படிக்கா ஏறுது?" என்றாள் வாயாடி.

"இத்தனை நாளும் நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு அவருக்குத் தெரியலடி. இப்பத்தான் என் புத்தகத்தைப் பாத்துட்டாரே."

சனிக்கிழமை முதலாளி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ஃபிட்டர் கூடத்தின் மறுகோடியில் குடிநீர் எந்திரத்துக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டபடி. உதவக் கூடாது என்பது பேச்சு. மெஷின் அரை மணி நேரம் ஒழுங்காக ஓடியது. திடீரென்று மணி அடித்து நின்றது. ஒரு ரன்னர் தலைகீழாக வந்து தட்டில் சிக்கியிருந்தது. பெண்கள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா ஃபிட்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார், அங்கே கவலைப்பட ஒன்றுமே இல்லை என்பதுபோல்.

அக்கா தட்டின்மேல் ஒட்டிய சீட்டைப் படித்தாள். நிறுத்தினாள், பிரஷ்ஷால் தள்ளினாள், ரன்னரை எடுத்தாள், சக்கரத்தை இடது பக்கம் ஒரு சுற்றுத் திருப்பினாள். மெஷின் ஓடியது.

முதலாளி ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு, "வெளி ஆளுங்க வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வாசலை எட்டியதும் நின்று, "நல்லா இருக்குக்கா" என்றார்.

துப்புரவு அம்மா கூடத்தின் மூலையிலிருந்து மெல்ல வந்தாள். "என் பேரைச் சொல்லாம விட்டீங்களேக்கா."

"உங்க பேரைச் சொல்லி என்ன ஆகப்போகுது. நீங்க மாட்டாம இருந்திருந்தா நம்ம குழாயில தண்ணி வந்திருக்காது."

மாலையில் கணவன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேராகத் தொழிற்சாலைக்கு வந்தான். கையில் ஒரு காகிதப் பை. வாங்கியதற்குப் பதில் கொடுக்க வேண்டாமா என்று ஆறு ஆப்பிள். ஃபிட்டர் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பையை வாங்கவில்லை. முதலில் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னடி, நாடியப் பாக்கறாரு?"

"மரியாதையை எங்க வச்சிருக்காங்கன்னு தேடச் சொன்னீங்கல்ல" என்றாள் அக்கா. "பேசாம கையைக் குடுங்க."

அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஃபிட்டர் கண்ணை மூடி ஒரு நிமிடம் எண்ணினார். பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் பையைத் திறந்து, ஒரு ஆப்பிளை எடுத்துச் சட்டையில் துடைத்து, முதலில் அவனிடமே நீட்டினார்.